பதிமூன்றாவது பீப்பாய்

எங்கள் ஊர் உஷ்பாவில் லமாராவின் கதவில் மூக்கை இடித்துக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை. எனக்கே இரண்டு தடவை ஆயிற்று. "கொஞ்சம் பிடிங்களேன், இதோ வந்துட்டேன்" என்று பின்னால் ஓடிவந்தால் அவள் பிடிக்க மாட்டாள். முகத்துக்கு நேரே சாத்திவிட்டு, கண்ணாடித் துளை வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். "வர்றவங்களுக்கு மறுபடி திறக்கலாம். போற காத்தைத் திருப்பிக் கூப்பிட முடியுமா?" என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் மூக்கு வலிக்கும்போது நியாயம் யாருக்கு வேண்டும்?

சந்திரனில் பிறந்த எங்களுக்குக் கதவு என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்தி, அதன் எண்ணைச் சொல்லி, "அடைச்சாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அது காதில் விழுகிற யாராயிருந்தாலும் "காத்து இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். குழந்தைகள் அம்மா என்பதற்கு முன்னால் இதைத்தான் படிக்கும். கல்யாணத்தன்று புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அறைக் கதவைச் சாத்தியதும், வெளியே நிற்கும் கூட்டம் முழுக்க "காத்து இருக்கு!" என்று கூச்சல் போட்டுச் சிரிக்கும்.

லமாரா முப்பத்தொரு வருஷம் கதவுக்காரியாக வேலை பார்த்தாள். குள்ளமான உருவம், தடித்த மணிக்கட்டு, இழுத்து இழுத்து வலது தோள் மட்டும் சற்று மேலே ஏறியிருக்கும். கழுத்துப்பட்டியில் எப்போதும் ஒரு ஒலிவாங்கி. அவள் எந்தக் கதவைச் சாத்திச் சொன்னாலும் கட்டுப்பாட்டு அறையில் கேட்கும். புருஷன் ஜும்பர் வடக்குச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். யாராவது அவளிடம் துக்கம் விசாரித்தால், "போனது போகட்டும். கதவை ஒழுங்கா சாத்திட்டுத்தானே போனான்" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை, மிந்தியா. வாயாடி. "அம்மா, நீ செத்தாலும் உன் பெட்டி மூடியை நீயே உள்ளேர்ந்து இழுத்து மூடிட்டு 'அடைச்சாச்சு'ன்னு ஒரு சத்தம் குடுப்ப" என்று கேலி செய்வான். "அப்ப நீ வெளியில நின்னு காத்து இருக்குன்னு சொல்லு, போதும்" என்பாள் அவள். தோட்டத்துக்குள் நுழைந்தால் கொத்தமல்லியைக் கிள்ளி வாயில் போடாமல் அவன் வெளியே வரமாட்டான். பச்சையாக, கை நிறைய. மாடு மாதிரி மேய்கிறான் என்று அடுத்த பாத்திக்காரர்கள் திட்டுவார்கள்.

இருபத்திரண்டாம் வயதில் மூன்றாம் குழியில் அவன் செத்துப் போனான். பூமியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத மேற்பார்வையாளன் ஒருவன், அவசரமாக வெளியே போனவன், கதவைச் சாத்தவில்லை. அடைச்சாச்சு என்ற குரலும் வரவில்லை, அதனால் யாரும் பதில் சொல்லவும் இல்லை. காற்று போனபோது உள்ளே நாலு பேர். லமாரா அப்போது பக்கத்து வளைவில், அறுபது தப்படி தூரத்தில், இரண்டாம் கதவில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் யார் மூக்கு இடிபடும் என்று பார்ப்பதை நிறுத்தினாள்.

எங்கள் ஊரில் இறந்தவர்களை வெளியே சாம்பல் தூசியில் போடுவதில்லை. மண்ணாக்குவோம். ஒரு வருஷம் ஆகும். அப்புறம் அந்தக் குடும்பத்தின் பாத்தியில் கலந்து, அதில் பீன்ஸோ சோளமோ போடுவோம். விருந்தில் முதல் கோப்பை எப்போதும் மண்ணுக்கு. தோட்டத்தில் பதிமூன்று பாத்திகள். பன்னிரண்டில் தாத்தாக்கள், அத்தைகள், பிரசவத்தில் போனவர்கள் என்று கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். லமாராவின் அப்பாவும் அம்மாவும் தம்பி ஓத்தியாவின் பாத்தியில். கடைசிப் பாத்தியில் மிந்தியா மட்டும். அதில் அவள் கொத்தமல்லியைத் தவிர வேறு எதையும் விதைத்ததில்லை.

இந்த வருஷம், எங்கள் சுரங்கங்களை நடத்துகிற கம்பெனி தோட்டத்தை மூடுகிறோம் என்றது. தொட்டியில் வளர்க்கிற புதுச் சாப்பாடு வந்துவிட்டதாம், இனி பாத்தி எதற்கு? மண்ணை மலைக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் உல்லாச விடுதிக்கு அனுப்பப் போகிறார்களாம். பூமியிலிருந்து வருகிற விருந்தாளிகள் அங்கே பூந்தோட்டத்தில் உட்கார்ந்து பூமியைப் பார்ப்பார்களாம். ஊரே திரண்டு போய் மேனேஜரிடம் நின்றது. ஒப்பந்தத்தில் இங்கே விளைந்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதியிருப்பதாக அவர் காட்டினார்.

"விளைஞ்சதுதானே உங்களுது? இவங்க விளையலையே, பொறந்தவங்க" என்றாள் ஓத்தியாவின் மனைவி ஜபூலி.

"மண்ணுதானேம்மா" என்றார் மேனேஜர்.

அந்த ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரைக்கும் அழுதுகொண்டிருந்த ஊர், அன்றைக்குத் திருட முடிவெடுத்தது.

பதிமூன்று பாத்தியும் பதிமூன்று பீப்பாய்களில் அடைபட்டு ஏழாம் கதவுக்குள், சரக்கறையில் போய் உட்கார்ந்தன. ஓத்தியா ஓய்வுபெற்ற சுரங்கத் துளைப்பாளன். சரக்கறைக்கு எதிரே கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, அதே அளவு பீப்பாய்களில் வெளித் தூசியை அதே எடைக்கு நிரப்பி வைத்தான். மண்ணை எடுத்துவிட்டுத் தூசியை வைக்க வேண்டும், அவ்வளவுதான் காரியம். இடைஞ்சல் கதவுதான். சரக்கறைக் கதவு ஒருமுறை சாத்தினால், காற்றழுத்தச் சோதனை முடிகிற நாலு மணி நேரத்துக்கு யார் வந்தாலும் திறக்காது. எந்தக் கதவு எதற்கு ஏமாறும் என்று லமாராவுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்து ஸ்பூன் ஒன்றை வளைத்துத் தாழ்ப்பாளில் செருகினால், திறந்து கிடக்கும்போதே மூடியிருப்பதாகக் கதவு நம்பிக்கொள்ளும்.

நாளும் மேனேஜரே குறித்துக் கொடுத்தார். தோட்டத்துக்கு விடைகொடுக்க மதிய விருந்து வைக்கிறாராம். விருந்து முடிந்து மூன்று மணி நேரத்தில் சரக்குக் கப்பல் வெளிப்பக்கக் கதவில் வந்து பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும்.

"அவரு வாயைத் திறந்தா ஒரு மணி நேரம் மூட மாட்டாரு. அதுவரைக்கும் நம்ம கதவும் மூடக் கூடாது. அவ்வளவுதான் அக்கா" என்றான் ஓத்தியா.

"எனக்கே கதவைப் பத்திச் சொல்றியாடா?"

"உனக்குத்தான் சொல்லணும். கையைக் கட்டிட்டு நில்லு. வாயையும் கட்டிக்க. உன் கழுத்துப்பட்டியைக் கழட்டினா அங்க மணியடிக்கும், அது கெடக்கட்டும், நீ பேசாம இருந்தா போதும்."

"மதினி, முதல் நடையிலேயே மிந்தியாவை எடுத்துருவோம்" என்றாள் ஜபூலி.

லமாரா தலையை ஆட்டினாள். "கதவுக்காரி எப்பவும் கடைசி. சோத்து வரிசையிலயும் கடைசி, லிஃப்ட்லயும் கடைசி. என் பையனை முன்னால தூக்கிட்டுப் போயி, நாளைக்கு யாரோட அம்மாவாவது விட்டுப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட நடமாடுவேன்?"

இப்படிப் பேசுகிறவளிடம் யார் என்ன சொல்ல முடியும்? எனக்கு மட்டும் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அந்த வீறாப்பு இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

விருந்தன்று ஊர் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில். லோபியோ என்கிற பீன்ஸ் குழம்பும் சோளரொட்டியும், மூன்றாம் பாத்திக் கொடியின் கடைசிப் புளிப்பு ஒயினும். மேனேஜர் எழுந்தார். பேச்சு தளர்கிற போதெல்லாம் யாராவது ஒருத்தர் கையைத் தூக்கி, "ஐயா, அந்தத் தொட்டிச் சாப்பாடு எப்படி வளருதுன்னு சொல்லுங்களேன்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அவரும் மகிழ்ந்து போய் ஆதியிலிருந்து தொடங்கினார்.

அங்கே ஏழாம் கதவு திறந்து கிடந்தது. எதிரே சுரங்கக் கதவும் திறந்து கிடந்தது. ஒரே சமயத்தில் இரண்டு கதவுகள் திறந்திருப்பதை லமாரா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிலையருகே நின்றாள். ஓத்தியாவும் ஜபூலியும் வண்டியில் தூசிப் பீப்பாய் இரண்டோடு வந்தார்கள், இறக்கிவிட்டு மண் பீப்பாய் இரண்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். ஒவ்வொரு நடையிலும் ஜபூலி விரலைக் காட்டினாள். நாலு. ஆறு. எட்டு. அப்பா அம்மா இருந்த பீப்பாய் போனபோது லமாரா அதன் மூடியைத் தொட்டுக்கொண்டாள்.

ஆறு நடையில் பன்னிரண்டும் போயாயிற்று. சரக்கறையில் சுவரோரமாகப் பதிமூன்றாவது மட்டும் நின்றது. அதற்குப் பதிலாக வைக்க வேண்டிய தூசிப் பீப்பாயோடு வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. மேனேஜர் இன்னும் வேர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சுரங்க வாசலில் வண்டிச் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. ஓத்தியா தூக்கிப் பார்த்தான், அசையவில்லை. ஜபூலி இந்தப் பக்கம் திரும்பிக் கையசைத்துக் கூப்பிட்டாள். மூன்று பேரும் சேர்ந்தால் தூக்கிவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

லமாரா வாசலைத் தாண்டினாள். அக்குளிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டே நடந்தாள். மனசெல்லாம் அந்தச் சக்கரத்தில் இருந்தது. வலது கை பின்னால் போனது, பிடியைப் பற்றியது, இழுத்தது. முப்பத்தொரு வருஷமாக அவளைக் கேட்டா அந்தக் கை இழுத்தது, அன்றைக்கு மட்டும் கேட்பதற்கு? ஸ்பூன் தரையில் விழுந்து மெதுவாகத் துள்ளியது. அடுத்த நொடியே அவள் வாய், உரக்க, தெளிவாக, சொல்லியும் விட்டது:

"ஏழாம் கதவு. அடைச்சாச்சு."

கழுத்துப்பட்டியில் பதில் வந்தது. "காத்து இருக்கு."

கட்டுப்பாட்டு அறையில் அன்று சோத்னே. மிந்தியாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். வாயில் சோளரொட்டியை வைத்துக்கொண்டே, அவனும் பழக்கத்தில் சொல்லிவிட்டான். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. அவன் திரையில் ஏழாம் கதவு ஏற்கெனவே மூடியிருப்பதாகத்தான் இருந்தது.

"லமாராம்மா... எந்தக் கதவு சொன்னீங்க?"

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏழு" என்றாள்.

கேட்டதை அவன் உடனே மேனேஜருக்குச் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். "கேட்டுச்சும்மா. காத்து இருக்கு" என்று மெதுவாகச் சொன்னான். மணி எதையும் அடிக்கவில்லை.

"சோத்னே. திறந்து விடுறியாப்பா? ஒரே நிமிஷம். உள்ள என் புள்ள இருக்கான்."

"என் கையில இல்லம்மா. நாலு மணி நேரம். உங்களுக்குத் தெரியாததா?"

ஓத்தியா ஓடிவந்து கதவைக் குத்தினான். "அடிப் பாவி அக்கா! என்ன காரியம் பண்ணிட்ட! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" அவன் கையில் ரத்தம் கசிந்தது. ஜபூலி அவனைப் பிடித்து இழுத்தாள். லமாரா இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்து, நெற்றியையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. "திறந்து கெடந்துச்சுடா, திறந்து கெடந்துச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரம் கழித்துக் கப்பல் வெளிப்பக்கமாக வந்தது. பன்னிரண்டு தூசிப் பீப்பாய்களையும் மிந்தியாவையும் ஏற்றிக்கொண்டு போனது.

பழைய சுரங்கத்தில் விளக்குக் கட்டி, பன்னிரண்டு பாத்திகளைப் பரப்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. முதல் கோப்பையைத் தூக்கினவர்கள் குடிக்காமல் கீழே வைத்தார்கள். கடைசியில் ஓத்தியா லமாராவின் அறைக்குப் போனான்.

"அக்கா, அப்பாம்மா மண்ணுல பாதி நீ எடுத்துக்க. எல்லாரும் ஆளுக்கு ஒரு கை தர்றோம்னு சொல்றாங்க. உனக்கும் ஒரு பாத்தி ஆகிடும்."

"அது உங்க ஆளுங்கடா. அப்பாம்மாவுக்குத் துணைக்கு நீ இருக்க. என் புள்ள அங்க தனியா இருக்கான்."

அவன் திரும்பி வந்தான்.

விடுதிக்காரர்கள் பீப்பாய்களைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டில் வெறும் தூசி. கம்பெனியிலிருந்து ஹெடா என்றொரு அம்மாள் விசாரணைக்கு வந்தாள். ஊரில் யாரைக் கேட்டாலும் "விருந்துல இருந்தோம், ஐயா பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்கள். ஆனால் கதவு சாத்துகிற குரலை மட்டும் சேர்த்து வைக்கும் பதிவில் லமாராவின் குரல் இருந்தது. அவள் எதையும் மறுக்கவில்லை.

"நீங்க ஒருத்தரே பன்னெண்டு பீப்பாயைத் தூக்கினீங்களா?"

"ஆமா. இங்க எல்லாமே லேசுதானே."

"பன்னெண்டை எடுத்தவங்க பதிமூணாவதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"கதவைச் சாத்திட்டேன்."

"ஏன் சாத்தினீங்க?"

"திறந்து கெடந்துச்சு."

ஹெடா பேனாவைக் கீழே வைத்தாள். பூமியில் பிறந்தவளுக்கு இது எப்படிப் புரியும்? "எதுக்காக ஒருத்தர் மண்ணைத் திருடணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் லமாரா அந்த மண்ணில் யார் யார் இருந்தார்கள் என்று பேர் பேராகச் சொன்னாள். பத்து நிமிஷம் ஆயிற்று. ஹெடாவின் முகம் வெளுத்துப் போனது. விருந்தாளிகள் ரசிக்கும் பூக்களுக்கு அடியில் இறந்தவர்கள் என்று வெளியே தெரிந்தால் விடுதியில் யார் கால் வைப்பார்கள்? அன்றே வழக்கு மூடப்பட்டது. தூசி தூசியாகவே கிடக்கட்டும், சுரங்கத்தை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்றாகிவிட்டது. கம்பெனியின் பயத்தில் ஊர் பிழைத்தது.

"ஆனா உங்களை இங்க வேலைக்கு வெச்சுக்க முடியாது" என்றாள் ஹெடா. "வேற எங்க வேணும்னாலும் அனுப்பறேன். எங்க போறீங்க?"

"அந்த விடுதியில கதவு எத்தனை?" என்று கேட்டாள் லமாரா.

ஐம்பத்தேழு வயதில், பிறந்த ஊரை விட்டு அவள் அங்கே போனாள். நாற்பத்தொரு கதவுகள். விருந்தாளிகளுக்குக் கதவைச் சாத்தும் பழக்கமே கிடையாது. எல்லாம் தானாக மூடிக்கொள்ளும் கதவுகள், ஆனாலும் அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பாள். "அடைச்சாச்சு" என்பாள். திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் புன்னகை செய்வார்கள். ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். பதில் வராத அந்த நேரம் அவளுக்கு முதல் மாதங்களில் மூச்சை அடைத்ததாம்.

அந்த ஒரு பீப்பாய் மண்ணைப் பெரிய பூந்தோட்டத்தில் எங்கே கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தோட்டக்காரன் சலித்துக்கொண்டான். டூலிப் வரிசை ஒன்றில் ஏதோ பச்சைக் களை முளைக்கிறதாம், பிடுங்கப் பிடுங்க வருகிறதாம், வாசனை வேறு. லமாரா ஓடினாள். உயரமான சிவப்புப் பூக்களுக்கு நடுவே, கொத்தமல்லி.

"பிடுங்காதீங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நல்லவன், விட்டுவிட்டான்.

போன வாரம் ஜபூலி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தோட்டம் மூடுகிற வேளையாம். விருந்தாளிகள் எல்லாரும் வெளியேறினார்கள், தோட்டக்காரனும் போனான். கதவுக்காரி கடைசியாக வெளியே வந்து சாத்த வேண்டும், அதுதான் வழக்கம். லமாரா வெளியே வரவில்லை. ஜபூலியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினாள். இழுத்துப் பார்த்தாள். நேரே அந்த டூலிப் வரிசைக்கு நடந்து போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினாள்.

"அடைச்சாச்சு" என்றாள்.

பழக்கத்தில் ஜபூலி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் லமாராவே மண்ணில் கையை வைத்து, "காத்து இருக்குடா கண்ணு. நெறைய இருக்கு" என்றாள்.